சிடியில் இல்லாத காயம்

"ரத்தத்தைக் காணோம்க்கா" என்றாள் வந்தவள்.

சோணையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். போலீசில் ஏட்டாக இருந்த காலத்திலும் சரி, அந்த வேலையை உதறிவிட்டு ராமநாதபுரம் கேணிக்கரையில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் சரி, ஆளைக் காணோம், ஆட்டைக் காணோம், சங்கிலியைக் காணோம் என்று எத்தனையோ பேர் அவள் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். ரத்தத்தைக் காணோம் என்று யாரும் வந்ததில்லை.

"ரத்த வங்கி பெரியாஸ்பத்திரியில இருக்கு தங்கச்சி" என்றான் அவள் உதவியாள் அலியார், ஜன்னலோரம் உட்கார்ந்து டீயை ஆற்றியபடி. "இங்கன நாங்க அடுத்தவுக உசுர எடுக்குறதோட சரி."

"ஏலே, கொஞ்சம் வாய மூடு." சோணையம்மாள் நாற்காலியைக் காட்டினாள். "உக்காரும்மா. யாரு நீ?"

பெயர் பூமயில். சிக்கலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மிளகாய்த் தோட்டத்தில் கூலி வேலை. அவள் புருஷன் மலையாண்டி 'நங்கூரம்' என்ற ராக் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவன். போன வருடம், 2002 பொங்கலுக்கு ராமநாதபுரம் மைதானத்தில் அந்தக் குழுவின் கச்சேரி நடந்தது. உள்ளூர் கேபிளில் நேரடி ஒளிபரப்பு. கச்சேரி முடிந்து மலையாண்டி வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் அரியமான் கடற்கரையில் அவன் செருப்பும் கிட்டாரும் கிடந்தன. கடல் அவனைத் திருப்பித் தரவில்லை.

"நாளைக்கு ஆடி அமாவாசை" என்றாள் பூமயில். "வருசம் திரும்பிருச்சு, காரியத்த முடிச்சுருவோம்னு அவுக அண்ணன் கூத்தையா அத்தான் எல்லாரையும் ராமேசுவரம் கூட்டிட்டுப் போறாக. அக்னி தீர்த்தத்துல எள்ளுந்தண்ணியும் விட்டு, அங்கனயே எனக்குத் தாலிய..."

அதை முடிக்காமல், மடியிலிருந்து ஒரு சிடியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அட்டையில் 'நங்கூரம், ராமநாதபுரம் பொங்கல் ராக் கச்சேரி, முழு நிகழ்ச்சி' என்று போட்டிருந்தது. போன வருடம் சித்திரையில் கடைகளுக்கு வந்தது. பார்க்க டி.வி.யும் சிடி பிளேயரும் வாங்கிக் கொடுத்ததுகூடக் குழுத் தலைவன் ராக்கப்பன்தானாம்.

"பேருலயே ராக்கு இருக்கு. வேற என்ன தொழிலுக்குப் போவான்?" என்றான் அலியார்.

பூமயில் சிரிக்கவில்லை. "தெனமும் பாப்பேன்க்கா. சத்தத்த அமத்திட்டுப் பாப்பேன். போன வாரம் பக்கத்து வீட்டு முருகம்மா மதினி கூட உக்காந்து பாத்துச்சு. கச்சேரி அன்னைக்கு ராமநாதபுரத்துல மக வீட்டுல இருந்து நேரடியாப் பாத்த மனுசி. 'லைட்டு ஸ்டாண்டு சாஞ்சு ஒன் வீட்டுக்காரரு மூஞ்செல்லாம் ரத்தம் வந்துச்சே, அத ஏன் சிடியில காணோம்'னு கேட்டுச்சு. நான் மனப்பாடமாப் பாத்துருக்கேன்க்கா. ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. கடைசிப் பாட்டுல சிரிச்சுக்கிட்டே வாசிக்கிறாரு."

"நீ என்ன நெனைக்கிற?"

"அடிச்சுப் போட்டுட்டு, அடிபட்ட எடத்த மட்டும் வெட்டிட்டாகளோன்னு நெனைக்கிறேன். நாளைக்கு எள்ளு விடுறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

அவள் படியிறங்கிப் போன பிறகும் சோணையம்மாள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான் இருந்தது. பொழுது சாய்ந்து அலியாரும் போய்விட்டால், மறுநாள் அவன் வரும்வரை அந்த அறையில் பேச்சுச் சத்தமே இருக்காது. ஒலியை அமர்த்திவிட்டுப் புருஷனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை நினைத்துப் பார்ப்பது அவளுக்குச் சிரமமாக இல்லை.

"கெளம்பு" என்றாள்.

கேபிள் ஆபீஸ்காரர் பூமிநாதன் கையை விரித்தார். "அந்த டேப்பா? அது மேல நாலு காதுகுத்து, ரெண்டு கும்பாபிசேகம் ஏறிருச்சு தாயி. புது டேப்பு வாங்க நமக்கு எங்க வசதி?"

"சிடி போட்டவகளுக்குக் குடுத்தீகள்ல?"

"ராக்கப்பன் தம்பி ஒரு காப்பி எடுத்துக்கிட்டுப் போச்சு. வெட்டி ஒட்டுனதெல்லாம் அதுதான்."

வெளியே வந்ததும் அலியார் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னான். "முடிஞ்சுதுக்கா. ரத்தத்து மேல காதுகுத்து நடத்திட்டாக. அந்தப் பிள்ளைக்குச் சேதி சொல்லிருவோம்."

சோணையம்மாள் ஏறவில்லை. "கேபிள்ல வாரத யாரு வீடியோ டெக்குல பதிவு பண்ணுவா, சொல்லு?"

"வேல வெட்டி இல்லாதவன்."

"இல்ல. வீட்டுல இருக்கவன் பாப்பான், மறந்துருவான். வீட்டுல இல்லாத ஒருத்தனுக்காகத்தான் பதிவு பண்ணி வைப்பாக."

அவள் திரும்ப உள்ளே போனாள். "அண்ணே, கச்சேரி ஓடையில கீழ விளம்பரம் ஓட்டுனீகளா?"

"ஓட்டாம? ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பொறந்தநாள் வாழ்த்து, எல்லாம் ஓடுச்சு."

"அத நிறுத்தச் சொல்லி யாராச்சும் போன் போட்டாகளா?"

பூமிநாதன் வாய் பிளந்தது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்? கீழக்கரையிலேருந்து ஒரு பொம்பள புடிச்சு ஏசிப்புடுச்சு. 'எங்க வீட்டு ஆளுக்கு அனுப்பப் பதிவு பண்றேன், பாடுறவுக காலெல்லாம் ஒங்க பாத்திரக்கடை மறைக்குது'ன்னு. உம்மு ஹபீபான்னு பேரு. இன்னமும் சந்தா கட்ட வரையில அதச் சொல்லிக் காட்டும்."

ஸ்கூட்டரில் போகும்போது அலியார் வழியெல்லாம் புலம்பினான். "வளைகுடாவுல ஆளு இருந்தா டெக்குல பதிவு இருக்கும்னு எனக்குத் தோணலையே. நான்லாம் கீழக்கரையில பொண்ணு எடுத்தவன்!"

"ஒன் மாமியா ஒனக்காக எதையாச்சும் பதிவு பண்ணிருக்காகளா?"

"என்னைய ஏசுனதத்தான் மனசுல பதிஞ்சு வச்சுருக்காக."

உம்மு ஹபீபாவின் வீடு பெரியது. பளிங்குத் தரை, மேலும் கீழுமாக அறைகள், ஆளில்லாத அறையிலும் சுழலும் மின்விசிறி. முப்பதைத் தாண்டிய பெண். புருஷன் சவூதியில். விஷயத்தைக் கேட்டதும் பீரோவைத் திறந்து, பூப்போட்ட துணியில் சுற்றி வைத்திருந்த டேப்பை எடுத்து வந்தாள்.

"ராக்கப்பனும் எங்க மச்சானும் ஒரே காலேஜு. கூட்டாளி கச்சேரிய மச்சான் பாக்கணும்னுதான் புடிச்சு வச்சேன். தம்மாமுக்குப் போற ஆளுககிட்டக் குடுத்து விடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நோன்புக்கு லீவுல வாரேன்னாக. அப்புறம் ஹஜ்ஜு முடியட்டும்னாக." டேப்பின் மேல் படிந்திராத தூசியை அவள் விரலால் துடைத்தாள். "இங்கனயே இருக்குது."

"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். இன்னொரு டி.வி. எங்கன கெடைக்கும்?" என்றான் அலியார்.

"மாடியில ஒண்ணு இருக்கு. எறக்கிக்கங்க. வீட்டுல டி.வி.க்கா பஞ்சம், பாக்கத்தான் ஆளில்ல."

இரண்டு டி.வி.களும் ஜோடியாக உட்கார்ந்தன. இடப்பக்கம் அன்றைய நேரடி ஒளிபரப்பு. வலப்பக்கம் சிடி. சோணையம்மாள் தரையில் சம்மணம் போட்டாள்.

முதல் பாட்டிலேயே வேடிக்கை. நேரடி ஒளிபரப்பில் பாட்டு முடிந்ததும் கூட்டம் கொஞ்சம் மிரண்டு போய் உட்கார்ந்திருந்தது. கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ராக்கப்பன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சிடியிலோ மைதானமே அதிர்ந்தது. நடுவில் ஒரு நீளமான விசில்.

இரண்டாவது பாட்டு. அதே அதிர்வு, அதே விசில். மூன்றாவதிலும் அதே.

"ராமநாதபுரம் பூராவும் ஒரே ஒருத்தன்தான் விசிலடிச்சிருக்கான். அவனுக்கு நம்ம ஒரு சோடாவாச்சும் வாங்கிக் குடுக்கணும்" என்றான் அலியார்.

நேரடியில் நாலாவது பாட்டில் பாடகனுக்குச் சுருதி விலகியது. சிடியில் அது ஒழுங்காகியிருந்தது. நேரடியில் ஒருவன் மேடையேறி மைக்கில் காணாமல் போன சைக்கிளுக்கு அறிவிப்புச் செய்தான். சிடியில் சைக்கிளும் இல்லை, அவனும் இல்லை. சோணையம்மாள் இவை எதையும் பொருட்படுத்தவில்லை. அவள் மலையாண்டியையே பார்த்தாள். நேரடியில் அவன் ஒரு தடவைகூடக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. சுற்றி இத்தனை சத்தம், இத்தனை வெளிச்சம். அதன் நடுவில், ஆளில்லாத ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவனைப் போல நின்று வாசித்தான்.

ஏழாவது பாட்டு. கடல் காற்று பலமாக அடித்தது, மேடைத் துணி உப்பியது. மலையாண்டிக்குப் பின்னால் நின்ற லைட் ஸ்டாண்டு மெதுவாகச் சாய்ந்து அவன் முகத்தில் இறங்கியது.

"அல்லாவே" என்றாள் ஹபீபா, முதல் தடவை பார்ப்பவளைப் போல.

இடது புருவத்தில் வெட்டு. ரத்தம் கண்ணை மறைத்தது. யாரும் அவனை அடிக்கவில்லை, காற்றுதான். ராக்கப்பன் டிரம்ஸைத் தாண்டிக் குதித்து ஓடி வந்து தன் துண்டை அவன் தலையைச் சுற்றிக் கட்டினான். சிடியில் அந்த இடம் வந்தபோது படம் ஒரு குதி குதித்து, நேராக அந்த விசிலுக்குப் போய்விட்டது.

"அடிபட்டது தற்செயல்" என்றான் அலியார். "கொலையுமில்ல, கொத்துமில்ல. பெறகு ஏன் வெட்டுனாக?"

"ஓடட்டும்."

எட்டாவது பாட்டு, கடைசிப் பாட்டு. நேரடியில் தலையில் துண்டோடு மலையாண்டி கிட்டாரைத் தூக்கினான். முதல் வரிகூட முடியவில்லை. பட்டென்று இருட்டு. திரை நீலமானது. வெகுநேரம் நீலம் மட்டுமே ஓடியது. மறுபடி படம் வந்தபோது ஜனங்கள் ஜமுக்காளத்தை உதறிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு போச்சு. கச்சேரி அதோட கலஞ்சுருச்சு" என்றாள் ஹபீபா. "மச்சான்கிட்டச் சொல்ல வருத்தமா இருந்துச்சு."

வலப்பக்கத்து டி.வி.யில் அதே கடைசிப் பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. இருட்டான பின்னணி. மலையாண்டியின் முகம் பெரிதாக. தலையில் துண்டு இல்லை. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அலியார் தொண்டையைச் செருமினான். "கரண்டு போனப்புறம் பேயா வாசிச்சுச்சு? சரி, புரிஞ்சுபோச்சு. கச்சேரிக்கு முன்னாடி ஒத்திகையில எடுத்தத ஒட்டிருக்கான். நானே வீடியோ எடுக்கப் போன எத்தனை கல்யாணத்துல தாலி கட்டுறதக் கோட்டை விட்டுட்டு, அடுத்த நாள் மாப்ளயக் கூப்புட்டு மறுபடி கட்டச் சொல்லிருக்கேன்!"

"நிறுத்து" என்றாள் சோணையம்மாள்.

"நெசமாத்தான்க்கா..."

"படத்த நிறுத்துடா."

படம் நின்றது. அவள் தவழ்ந்து போய்த் திரைக்கு அருகில் முகத்தை வைத்தாள். மலையாண்டியின் இடது புருவத்தில், நடுவில், ஒரு வெள்ளைக் கோடு. அந்த இடத்தில் மட்டும் முடி இல்லை.

"முதல் பாட்டுக்குப் போ. ரெண்டுலயும்."

முதல் பாட்டில், இரண்டு டி.வி.யிலும், புருவம் முழுசாக இருந்தது.

"ஒத்திகையில எடுத்ததுன்னா இந்தப் புருவம் முழுசா இருக்கணும்" என்றாள் சோணையம்மாள். "கச்சேரியில எடுத்ததுன்னா ரத்தம் இருக்கணும். இது ஆறுன காயம். தையல் பிரிச்சு, தழும்பாகி, மாசக்கணக்குல ஆனது."

அலியாரின் வாய் ஓயாத வாய். அது இப்போது மிக மெதுவாகக் கேட்டது. "அன்னைக்கு மவுத்தாப் போனவனுக்குக் காயம் எப்படிக்கா ஆறும்?"

வலப்பக்கத்து டி.வி.யில் மலையாண்டி சிரித்தபடி உறைந்திருந்தான். சோணையம்மாளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஒருவன் உயிரோடிருக்கிறான் என்று கண்டுபிடித்திருக்கிறாள். வரவில்லை. நாளை பூமயிலிடம் இதைச் சொல்ல வேண்டும்.

திரும்புகிற வழியில்தான் திருப்புல்லாணி, ராக்கப்பனின் ஊர். ராக்கப்பன் தன் வீட்டு நெல் கிட்டங்கியில் இருந்தான். குழு கலைந்துவிட்டது. டிரம்ஸ் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. பின்சுவரில் ஒரு கறுப்புத் துணி இன்னும் ஆணியில் தொங்கியது. சோணையம்மாள் அதன் முன்னால் போய் நின்றாள்.

"இங்கன வச்சுத்தான கடைசிப் பாட்ட எடுத்தீக?"

ராக்கப்பன் மறுக்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்தான். எதிர்பார்த்துக் காத்திருந்தவன் போலத்தான் இருந்தான்.

"பங்குனியில. சிடிக்கு எட்டுப் பாட்டு வேணும்னாக. மலையாண்டி கோவாவுல ஒரு ஓட்டல்ல வாசிக்கிறான். வேற பேருல. வந்து ஒரு பகல் இருந்தான், வாசிச்சான், போயிட்டான்."

"செருப்பும் கிட்டாரும்?"

"அவனே வச்சது. எனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும். போன் போட்டான். 'ஊருல இருந்தா மூச்சு முட்டிச் செத்துருவேன்டா. விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா அவ காலம் பூரா காத்துக் கெடப்பா. செத்தேன்னா ஒரு வருசத்துல அழுது முடிச்சுருவா'ன்னான். சத்தியம் வாங்கிக்கிட்டான்."

"நீரும் வாய மூடிக்கிட்டு, அந்தப் பிள்ளைக்கு டி.வி. வாங்கிக் குடுத்தீரு" என்றான் அலியார். அதில் வேடிக்கை இல்லை.

ராக்கப்பன் தலை நிமிர்த்தினான். "அடிபட்டத வெட்டச் சொன்னது அவன். புருவத்துல மாவு பூசி மறைக்கணும்னும் சொன்னான். வேணாம்னது நான்."

சோணையம்மாள் அவனைக் கூர்ந்து பார்த்தாள்.

"சத்தியத்த மீறி வாயத் தொறக்க முடியல. கண்ணு முன்னாடி வச்சுட்டா அவளாக் கண்டுபிடிச்சுருவான்னு நெனச்சேன். ஒவ்வொரு மாசமும் வருவா வருவான்னு பாத்தேன். வரல."

"அவ கடைசிவரைக்கும் ரத்தத்தப் பாக்கலையே" என்றாள் சோணையம்மாள். "காயம் பட்டதே தெரியாதவளுக்குத் தழும்பு எப்படித் தெரியும்? ஆம்பளைக ரெண்டு பேரும் சேந்து அவ அழுகைக்குக் கெடு வச்சுருக்கீக."

மறுநாள் விடிகிற நேரத்துக்கு அக்னி தீர்த்தத்தில் தலையும் தலையுமாக ஜனம். நனைந்த துணியும் எள்ளும் பிண்டச் சோறும் மணலெங்கும். பூமயில் கூட்டத்தை விட்டுத் தள்ளி, அலை கால் நனைக்கும் இடத்தில் தனியாக நின்றாள். கொஞ்சம் தள்ளிக் கூத்தையா புரோகிதரோடு பேசிக்கொண்டிருந்தார்.

சோணையம்மாள் பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று பல விதமாக யோசித்து வைத்திருந்தாள். பூமயிலின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். காற்று, ஸ்டாண்டு, துண்டு, கரண்டு, தழும்பு, திருப்புல்லாணி, கோவா.

பூமயில் அழவில்லை. "அந்தக் கோட நான் பாத்துருக்கேன்க்கா. சிடியில கீறல்னு நெனச்சுத் தொடச்சுத் தொடச்சுப் போடுவேன்" என்றாள். பிறகு கேட்டாள். "பங்குனின்னா சொன்னீக?"

"ஆமா."

"பங்குனியில நான் களத்துல வத்தல் காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். திருப்புல்லாணியிலேருந்து பஸ்ஸு எங்க களத்த ஒட்டித்தான் போகும்." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். "ஏறி வந்துருக்கலாம். சன்னல் வழியாவாச்சும் பாத்துருக்கலாம்."

சோணையம்மாள் அவள் பக்கமாக ஓரடி நகர்ந்து நின்றாள்.

"நான் அந்தச் சிரிப்புக்காகத்தான்க்கா தெனமும் போட்டேன். கடைசி நாளு சந்தோசமாத்தான இருந்துருக்காருன்னு. அது என்னைய விட்டுட்டுப் போனப்புறம் சிரிச்சதா?"

அலை ஒன்று வந்து இருவர் காலையும் நனைத்துப் போனது.

"பூமயிலு, நேரமாச்சு, வாத்தா!" கூத்தையா குரல் கொடுத்தார்.

அவள் அவரிடம் நடந்து போனாள். சோணையம்மாளும் அலியாரும் பின்னால் போனார்கள். "எள்ளு வேணாம் அத்தான்" என்றாள் பூமயில். "ஒங்க தம்பி உசுரோட இருக்காரு. உசுரோட இருக்கவுகளுக்கு நான் எள்ளு விடமாட்டேன்."

கூத்தையா கையிலிருந்த செம்பு சாய்ந்தது. "என்னாத்தா சொல்ற? எங்கன இருக்கான்?"

"இவுக சொல்லுவாக."

சொன்னபடியே கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். யாரும் அறுக்கவில்லை, அவளே முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் கயிற்றை முந்தானை ஓரத்தைக் கிழித்து அதில் முடிந்து, சோணையம்மாள் உள்ளங்கையில் வைத்தாள்.

"ராக்கப்பன் அண்ணன்கிட்டக் குடுத்துருங்கக்கா. அவருக்கு அனுப்பி வைக்கட்டும். காத்துக் கெடப்பேன்னு பயந்தாருல்ல, கெடக்கலைன்னு தெரியட்டும்."

"ஊருல நாலு பேரு என்ன பேசுவாக, யோசிச்சியா?" என்றார் கூத்தையா. அதட்டலாக ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்துவிட்டது. தம்பி உயிரோடிருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு எட்டியது போலும். அப்படியே மணலில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டார். அலியார் அவர் பக்கத்தில் குந்தி, தோளில் கை வைத்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான்.

பூமயில் கடலில் இறங்கினாள். கழுத்தளவு போய் ஒரு தடவை முங்கி எழுந்தாள். அவ்வளவு கூட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை. சோணையம்மாள் செருப்போடு முழங்கால் தண்ணீர் வரை போய், ஈரக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தாள்.

"பசிக்குதுக்கா" என்றாள் பூமயில். "நேத்துலேருந்து ஒண்ணும் திங்கல."

கோயில் வீதியில் ஒரு சின்ன ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பூமயில் முதல் வாயை எடுத்ததும் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமலே, நிறுத்தாமல் சாப்பிட்டாள். இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கினாள். சோணையம்மாள் தன் இலையைத் தொடாமல், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவிவிட்டு வந்து பூமயில் கேட்டாள். "சிக்கலுக்கு இப்பப் பஸ்ஸு இருக்குமாக்கா? பூட்டித் தெறக்க வீட்டுல ஆளில்ல."

"இருக்கும்" என்றாள் சோணையம்மாள். "எந்திரி. நானும் வாரேன்."